உப்புக்கு சீட்டு, முயலுக்கு டிக்கி

நீங்கள் யாராவது காரின் டிக்கிக்குள் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வெயிலில் நிறுத்திய காரில், மேலே மூடியைச் சாத்தச் சொல்லி?

நான் படுத்திருக்கிறேன். போன மே மாதம், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் ஆபீஸ் பார்க்கிங்கில், என் காரிலேயே. கூட வேலை பார்க்கிற ஒருத்தனிடம், "நான் தட்னாத்தான் தொறக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காலை மடக்கி உள்ளே போனேன்.

"லூசாடி நீ? ரீல்ஸா?"

"மூட்றா."

மூடினான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரப்பர் வாசனை. பிறகு தகரம் காய்ந்து, அந்தச் சூடு யாரோ ஒரு ஆள் மெதுவாக என்மேல் வந்து படுக்கிற மாதிரி இறங்கியது. மூச்சை இழுத்தால் ஏற்கெனவே யாரோ விட்ட மூச்சு மாதிரி இருந்தது. ஒரு சினிமாப் பாட்டு முடிகிற நேரம்கூட ஆகியிருக்காது, இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்துவிட்டேன். அவன் திறந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாமே கண்டுபுடிச்ச?" என்றான்.

அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இதை ஒரு பிராணி டாக்டரின் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு முயல் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறது. அது என் முயல் இல்லை. என் முயல் செத்துப் பல வருஷம் ஆகிறது. அதை நான்தான் கொன்றேன் என்று எங்கள் குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. கொன்றது நான் இல்லை. எங்கள் பெரியப்பா. அதை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை மாட்டினார்.

நமக்கும் வயசாகிறது மக்களே. எனக்கு இருபத்து நாலு. நெற்றி ஓரத்தில் ஒரு நரைமுடி வந்தாயிற்று. மறப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். நான் மறக்கிற ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே வெல்டிங் வேலை. அங்கே வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் சுவர், பச்சை ஜன்னல், பிளாக்குக்கு ஒரு வேப்பமரம். மத்தியானம் மாடிப்படியில் ஏறினால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு ஊர்க் குழம்பு வாசனை அடிக்கும். மேலே மதுரை, பக்கத்தில் தஞ்சாவூர், எதிரில் திருநெல்வேலி. எங்கள் பிளாக்கில் நாங்கள் மட்டும்தான் லோக்கல். திருவேற்காட்டுக்காரர்கள். அப்பாவின் அப்பா அங்கே அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அந்த வயலெல்லாம் இப்போது லிப்ட் வைத்த அபார்ட்மெண்ட்.

நான் வாயைத் திறந்தால் எதிர்வீட்டுத் திருநெல்வேலி அத்தைக்குச் சிரிப்பு.

"கீதுன்னா என்னட்டி? இருக்குன்னு சொன்னா நாக்கு சுளுக்கிருமா?"

"நீங்க எங்கனன்னு சொல்றீங்களே, அத்த, அப்ப சுளுக்கலயா?"

அந்த அத்தை வீட்டில்தான் முயல் இருந்தது. அந்தக் கோடையில் அவர்கள் வீட்டு மாமாவுக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு நாள் ரயில். முயலை எங்கே கொண்டுபோவது? என் கையில் கொடுத்துவிட்டார். வெள்ளை உடம்பு, அங்கங்கே பழுப்புப் பொட்டு, அச்சு அசல் ரவா தோசை. அதனால் அதன் பெயர் ரவா.

கொடுக்கும்போது அத்தை ஒன்று சொன்னார். "எங்க விட்டாலும் கெடக்கும். ஆனா சூடு மட்டும் ஆவாதுட்டி. இதுக்கு வேர்க்கத் தெரியாது. காது வழியாத்தான் வெக்கைய விடும். காதத் தொட்டுப் பாத்துக்கோ, கொதிச்சா ஈரக் கையால தடவி விடு."

நான் அதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்தேன். மத்தியானமெல்லாம் ரவாவைக் கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் விட்டு, அதன் பக்கத்தில் நானும் குப்புறப் படுத்துக்கொள்வேன். காது வெற்றிலை மாதிரி மெல்லிசு. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே சிவப்பு நரம்பு கிளை கிளையாக ஓடும். கொத்தமல்லிக் கட்டு வந்தால் வேரிலிருந்து தின்னாது, இலையிலிருந்து ஆரம்பிக்கும். அப்பாவின் செருப்பு வார் ஒன்றைத் தின்றது. போன் சார்ஜர் ஒயர் இரண்டு. அம்மா ஒவ்வொரு தடவையும் "இத்த இன்னிக்கே கொழம்பு வெக்கிறேன்" என்பார். ராத்திரி அவரே கேரட் தோலைச் சீவி அதன் முன்னால் போடுவார்.

அதற்கு இன்னொரு பழக்கம். பயம் வந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு அடி. டப். குக்கர் விசில் அடித்தால் டப். பட்டாசு வெடித்தால் டப் டப். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

பெரியப்பாவுக்கும் தெரியும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். பூந்தமல்லியில் லாரி புரோக்கர். வெள்ளைச் சட்டை, கையில் காப்பு, பாக்கெட்டில் சீப்பு, பக்கத்தில் வந்தால் ஜவ்வாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்பா தரையில் உட்காருவார். அவர் பேசினால் அப்பா டிவியை அணைப்பார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டு முடித்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து, ரவாவின் காதுக்குப் பக்கத்தில் பட்டென்று கையைத் தட்டுவார். டப். இன்னொரு தடவை தட்டுவார். டப் டப்.

"பார்றா, தவிலு வாசிக்கிது!" என்று தொடையில் அடித்துச் சிரிப்பார்.

"வேணாம் பெரிப்பா, பயப்படுது."

"மொசலுக்கு இன்னாமே பயம். சும்மா கெட."

அந்த வருஷம் அப்பா திருவேற்காட்டில் தாத்தாவின் மனையில் தன் பங்கில் இரண்டு ரூம் வீடு கட்டி முடித்தார். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை குடிபோக நாள் குறித்தது பெரியப்பா. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் உப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் போய்விட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் பக்கத்தில் இது சட்டம். புது வீட்டு வாசப்படியை முதலில் தாண்ட வேண்டியது உப்பு, மஞ்சள், அம்மன் படம். அவை இறங்காமல் ஒரு துடைப்பக்குச்சி இறங்கக் கூடாது.

சாமான்களுக்குக் குட்டி யானை வண்டி பேசியிருந்தார்கள். அப்பா அதில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. முயல் அப்பா மடியில். ஜன்னல் திறந்திருக்கும், காத்து வரும். இதை நானும் அப்பாவும் முந்தின நாளே பேசி முடித்துவிட்டோம். அம்மாவின் குக்கர் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, நாலு பக்கமும் ஸ்க்ரூடிரைவரால் அப்பா ஓட்டை குத்தினார். உள்ளே என் பழைய யூனிபார்ம் பாவாடையை மடித்துப் போட்டேன். ஒரு கேரட் வைத்தேன். ஒன்றே ஒன்று.

பெரியப்பா காரில் வந்து இறங்கினார். அந்த மாசம்தான் வாங்கியிருந்தார். பழைய கார்தான், ஆனால் சீட்டுக்கெல்லாம் புது உறை தைத்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர். காரை விற்கும்வரை அவர் அந்தக் கவரைப் பிரிக்கவே இல்லை. உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் பிளாஸ்திரி உரிக்கிற சத்தம் வரும். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும்.

அப்பா மடியில் இருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இன்னாடா இது, சாமான் வண்டில மொசலு? அவன் குலுக்குற குலுக்குல எகிறி ரோட்ல வுழும். என் வண்டில குடு. ஏசி கீது. ஜில்லுன்னு வரட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு ஏசி என்றதும் சந்தோஷம். ரவாவுக்கு ஏசி! பெட்டி கைமாறியது. அப்பாவின் குட்டி யானை முன்னால் கிளம்பிப் போய்விட்டது.

பிறகு அம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். கண்ணாடி போட்ட அம்மன் படம். அதைப் பெரியப்பா முன் சீட்டில் நிமிர்த்தி வைத்து, மேலே சால்வை போர்த்தி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தியமாக. அம்மனுக்கு சீட் பெல்ட். பின் சீட்டில் அம்மா, அவர் மடியில் பால் சொம்பும் மஞ்சள் தட்டும். அவர் பக்கத்தில் குத்துவிளக்கு. எனக்குக் கொஞ்சம் இடம்.

"பெட்டிய என் மடில வெச்சுக்கிறேன் பெரிப்பா."

"உன் மடில உப்பு ஜாடி."

"அப்ப கால் கீழ?"

"அம்மன் குந்திகினு வரா. அவ பின்னாடி மொசலா? சீட்டு கவரு மேல மூத்தரம் வுட்டா நீ தொடைப்பியா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு பின்பக்கம் போனார். டிக்கி திறக்கிற சத்தம். மூடுகிற சத்தம்.

நான் அழுதேன். "எதிர்வீட்டு அத்த சொன்னாங்க, அதுக்கு சூடு ஆவாது."

"அந்தம்மா ஊர்ல ஏசி காரு பாத்துகீறாங்களா? ஏசி வண்டி பூரா போவும். கம்முனு ஏறு."

போகாது மக்களே. ஏசி டிக்கிக்குப் போகாது. சீட்டோடு நின்றுவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மா என் காதில், "மாமா சொன்னா கேளுடி, நல்ல நாள்ல அழுவாத" என்றார். பெரியப்பாவை அம்மா மாமா என்றுதான் கூப்பிடுவார்.

கிளம்பியவர் நேராகப் போனாரா? ஆவடி மார்க்கெட்டில் நிறுத்தி வாசலுக்கு மாலை வாங்கினார். அங்கேயே ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டார், "வெறும் வயித்துல நல்ல காரியத்துக்குப் போவக் கூடாது" என்று. கார் வெயிலில் நின்றது. நாங்கள் உள்ளே உப்போடு உட்கார்ந்திருந்தோம். அவர் பல் குத்திக்கொண்டு வந்தார்.

பருத்திப்பட்டு தாண்டியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. என் முதுகுக்கு நேர் பின்னால். டப்.

பிளாஸ்டிக் கவர் வழியாக முதுகெலும்பிலேயே கேட்டது. டப். டப் டப்.

"பெரிப்பா, ரவா."

"இன்னா ரவா?"

"தட்டுது. கேக்கல? டப்பு டப்புனு."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"அது ஸ்டெப்னி. டிக்கில கீற ஸ்பேர் வீலு. லூசா மாட்டிகீறான், ரோடு குலுங்கறப்ப ஆடுது."

அம்மா நிம்மதியாக, "ஸ்டெப்னிதான்டி" என்றார். பெரியப்பா அம்மன் பாட்டைச் சத்தமாக வைத்தார். நான் சீட்டில் முதுகை அழுத்திக்கொண்டு வந்தேன். டப் டப். டப். மடியில் உப்பு ஜாடி சில்லென்று இருந்தது. ஏசி காத்து நேராக அதன்மேல்தான் அடித்தது.

திருவேற்காட்டுக்குள் நுழையும்போது சத்தம் நின்றது.

"பாத்தியா? ஸ்டெப்னி செட்டாயிடுச்சு" என்றார் பெரியப்பா.

தெரு முனையில் குட்டி யானை நின்றிருந்தது. அப்பா இறக்காமல் காத்திருந்தார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தார். ராகு காலம் பிறந்துவிட்டது. பொங்கல் சாப்பிட்ட நேரத்துக்கு இந்தப் பலன். இனி பன்னிரண்டு மணிவரை உப்பு இறங்காது. உப்பு இறங்காமல் எதுவும் இறங்காது.

எல்லாரும் பக்கத்து வீட்டுத் தென்னை ஓலைப் பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கார் நடுத்தெருவில் நின்றது, ஏசி அணைத்து, கண்ணாடி ஏற்றி. நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிக்கி மேல் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி கையைப் பொசுக்கியது.

"பெரிப்பா, தொறங்க. ரவாவ மட்டும் எடுத்துக்கிறேன். ஊட்டுக்குள்ள போவல. இங்கியே நெழல்ல வெச்சுக்கிறேன்."

"உப்பு மஞ்சா எறங்காம வண்டிலருந்து ஒண்ணும் எறங்கக் கூடாது. மொசல மொதல்ல எறக்குனா குடும்பம் வெளங்குமா?"

"அது சத்தமே போடல பெரிப்பா."

"தூங்குதுமே. ஏசில வந்துச்சுல்ல, சொகமா தூங்குது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா எழுந்து, "அண்ணே, சாவி குடுண்ணே, கொழந்த கேக்குது" என்றார். ஒரு தடவைதான் சொன்னார்.

"உக்கார்றா. நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாம பேசிகினு."

அப்பா உட்கார்ந்தார். அதை நான் எழுதாமல் விடப்போவதில்லை. உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடித்தது. அம்மா உப்பு ஜாடியோடு வலது காலை வைத்து உள்ளே போனார். மஞ்சள் போனது. அம்மன் போனாள். அதற்குப் பிறகு பெரியப்பா டிக்கியைத் திறந்தார். திறந்ததும் உள்ளேயிருந்து வந்த அனல் என் முகத்தில் அடித்தது. ரப்பரும் ஈர அட்டையும் கலந்த வாசனை.

அப்பா குத்திய ஓட்டைகளில் ஒன்று எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. ஓரமெல்லாம் பல் பட்ட தடம். உள்ளே ரவா நீளமாகக் கிடந்தது. அது எப்போதும் உருண்டு படுக்கிற ஜீவன். அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காதைத் தொட்டேன். கொதித்தது. வாய் ஓரமும் தாடையும் நனைந்திருந்தன. முயலுக்கு வெயில் தாக்கினால் அப்படித்தான் எச்சில் வழியும் என்று எவ்வளவோ வருஷம் கழித்துப் படித்தேன். கேரட் பக்கத்தில் கிடந்தது. ஒரே ஒரு கடி. அவ்வளவுதான் தின்றிருந்தது.

பெரியப்பா அந்தக் கேரட்டை எடுத்தார். எதிரே இருந்த காலி மனைக்குள் வீசினார். பிறகுதான் பேசினார்.

"கேரட்ட வெச்சு அமுத்திகீது இந்தப் பொண்ணு. வயிறு ஊதி செத்துப்போச்சு. பசங்க கைல உசுரக் குடுத்தா இப்டித்தான்."

ஒரே ஒரு கடி கடித்த கேரட். அதை வீசிவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். பத்து வயசில் எனக்கு அது புரியவில்லை. நான் வைத்த கேரட்தானே, நான் நம்பிவிட்டேன்.

அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு காலி மனைப் பக்கம் போனார். "பொதச்சிட்டுக் குளிச்சிட்டு வா, தீட்டோட உள்ள வராத" என்று பெரியப்பா பின்னாலிருந்து கத்தினார். என்னைக் குளியலறைக்குள் தள்ளி மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வெளியே வந்தபோது பால் பொங்கியது. எல்லாரும் "பொங்குச்சு, பொங்குச்சு" என்று கத்தினார்கள். என்னையும் கை தட்டச் சொன்னார்கள். தட்டினேன். ரவாவைப் புதைத்த இடத்தில் இப்போது ஒரு அபார்ட்மெண்டின் ஜெனரேட்டர் நிற்கிறது.

அதற்குப் பிறகு என் பெயர் "மொசலக் கொன்னவ". கல்யாணம், காது குத்து, கருமாதி, எங்கே போனாலும் பெரியப்பா ஆரம்பித்துவிடுவார். யாராவது குழந்தையை என் கையில் கொடுத்தால், "பாத்து, கேரட்டு ஊட்டிடப் போறா!" என்பார். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிக்கக் கற்றுக்கொண்டேன். கேரட் பொரியல் மட்டும் இறங்காது. இப்போதும் இறங்காது. அப்பா அந்தக் காரில் ஒரு தடவைகூட ஏறியதே இல்லை. குடும்பமே அதில் கோவிலுக்குப் போனாலும் அவர் பின்னால் சைக்கிளில் வருவார். "காத்து நல்லாகீது" என்பார்.

காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது பெரியப்பாவின் பேத்திக்குக் காது குத்து. அதாவது என் பெரியப்பா மகன், என் அண்ணன், அவனுடைய பெண் குழந்தை. மண்டபத்தில் பந்தி முடிந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கார்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தேன். பெரியப்பா ஃபுல் ஃபார்மில் இருந்தார்.

"என் மொத காரு கீதே, வாங்கறப்ப அதுல ஸ்டெப்னியே கெடயாது. வித்தவன் கழட்டிகினு குடுத்தான். நானும் வாங்கல. விக்கிற வரைக்கும் ஸ்டெப்னி இல்லாமத்தான் ஓட்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பஞ்சராவல. ஆத்தா காப்பாத்துனா!"

எல்லாரும் "அடேங்கப்பா" என்றார்கள்.

வடை என் வாயில் அப்படியே நின்றது.

ஸ்டெப்னியே கிடையாது. அப்போது டப் டப் என்று ஆடியது என்ன? அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் காதில் கை தட்டித் தட்டிக் கேட்டுச் சிரித்த சத்தம் அது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, தடுமாறாமல், இல்லாத ஒரு சக்கரத்தை ஆட்டிக் காட்டினார்.

அன்றைக்கே கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் "மொசலுக்காக பெரியவர எதுத்துப் பேசுறா" என்று அதையும் ஒரு ஜோக்காக்கியிருப்பார்கள். வடையை விழுங்கினேன். காத்திருந்தேன்.

இனி இன்று காலை.

பெரியப்பா வீடு இப்போது எங்கள் தெருவிலேயே, பக்கத்து மனையில். அவர் கார் ஓட்டுவதில்லை. கண்புரை. காரை விற்று ரொம்ப நாள் ஆகிறது. பேத்தி என்றால் உயிர். போன வருஷம் அவள் அழுது கேட்டதற்காக அவரே போய் ஒரு முயல் வாங்கிவந்தார். பெயர் பிஸ்கட். அதற்கு மெத்தை, ஃபேன், தினம் ஒரு கட்டு கொத்தமல்லி. அவரே மடியில் வைத்துச் சீவி விடுகிறார். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டு மணிக்கு போன்.

"அம்மாடி, பிஸ்கட்டு நேத்துலருந்து துன்னல. புழுக்கயும் போடல. பொண்ணு அழுதுகினே கீது. உங்க அண்ணன் ஷிப்ட்டுக்குப் போய்ட்டான். அண்ணா நகர்ல மொசலுக்குன்னு டாக்டர் கீறாராம். நீ வண்டி எடுத்தாருவியா?"

அம்மாடியாம்.

டீ குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். ஆபீஸ் இருக்கு, வரமுடியாது என்று சொல்லலாம். அவர் வெயிலில் ஆட்டோ பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போகும் வழியில் அது நீளமாகப் படுப்பதைப் பார்க்கட்டும். அந்த நினைப்பு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் முயல் என்ன பண்ணிச்சு எனக்கு? லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, யாரையும் ஏற்றாமல், முதலில் ஏசியை ஓடவிட்டேன். உள்ளே குளிர்ந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். நான் கொண்டுபோனது கம்பிக்கதவு வைத்த கூண்டு. உள்ளே தடிமனான டர்க்கி டவல், வழுக்காமல் இருக்க. ஒரு பக்கம் காய்ந்த புல். ஃபிரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஓரத்தில் செருகினேன். பின் சீட்டில் கூண்டை வைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மேலே பாதிக்கு மட்டும் மெல்லிய வேட்டித்துணி. மிரளாமலும் இருக்கும், காற்றும் போகும்.

பேத்தி பக்கத்தில் ஏறினாள். ஏழு வயசு. அழுது மூக்கெல்லாம் சிவப்பு.

"அத்த, தண்ணி கிண்ணம் வெக்கல?"

"வண்டி ஆடுனா கொட்டி நனஞ்சிடும்டா. ஈரக் கொத்தமல்லி வெச்சிருக்கேன், அதுலயே தண்ணி கீது."

"பாட்டு?"

"பாட்டு கெடயாது. அதுக்கு காது பெருசு."

"கேரட் குடுக்கலாமா?" என்றவள் உடனே நாக்கைக் கடித்தாள். "இல்ல, வேணாம். நீ கேரட் குடுத்துத்தான் உன் மொசலு செத்துச்சுன்னு தாத்தா சொன்னாரு."

பெரியப்பா முன் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீயே சொல்லு பெரிப்பா. புள்ள கேக்குது."

"இன்னாத்த?"

"என் மொசலு எப்டி செத்துச்சு?"

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பழைய கத. வண்டிய எடு, டைமாவுது."

"ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு டிக்கில டப்பு டப்புனு சத்தம் வந்துச்சே. ஸ்டெப்னின்னு சொன்ன. அந்த வண்டில ஸ்டெப்னி இருந்துச்சா?"

கதவில் இருந்த கை கீழே வந்தது. காது குத்து மண்டபத்தில் பேசியது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியாக இல்லாமல் நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. பிறகு பேத்தியைப் பார்த்தார். அவள் கூண்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பதிலுக்கு வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

"இருந்துச்சா தாத்தா?"

"இல்ல" என்றார்.

"அப்ப தட்னது யாரு?"

அவர் பார்வை கூண்டுக்குப் போனது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் கிடைத்துவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. கையைக் கூண்டிலிருந்து எடுக்காமலே கொஞ்சம் உள்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவர் முன் சீட்டில் ஏறக் குனிந்தார். அங்கே புல்லுப் பை உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட் போட்டு. நான்தான் மாட்டியிருந்தேன்.

"இத்த எடு, நான் குந்தணும்."

"புல்லு எறங்காம எதுவும் ஏறக் கூடாது பெரிப்பா."

"வெளயாடாதமே. நானும் வரணும். புள்ள தனியா கீது."

"அப்ப பின்னாடி போ. டிக்கி காலியாத்தான் கீது. ஏசி வண்டி பூரா போவும்." கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சேர்த்தேன். "ஸ்டெப்னி மட்டும் கீது. இது நெஜ ஸ்டெப்னி. ஆடாது."

கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். வெயிலில், கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, நடுத்தெருவில் நின்றிருந்தார். அன்றைக்கு அவர் கார் நின்ற அதே இடம். பாவமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வயசானவர் என்பீர்கள். ரவாவுக்கு வயசாகவே விடவில்லையே.

வேகத்தடை ஒவ்வொன்றிலும் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கினேன். பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனால் கிழித்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் வந்து, "இன்னாக்கா, கர்ப்பிணியா உள்ள?" என்று கேட்டுவிட்டுப் போனார். பேத்தி வழி முழுக்கக் கம்பி இடுக்கில் விரலை விட்டுக் காதைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "ஜில்லுன்னு கீது அத்த. ஜில்லுன்னு கீது."

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல் ஓடாமல் நின்றிருக்கிறது என்றார். ஊசி போட்டு, பச்சையாக ஒரு கூழை ஊசிக்குழாயில் எடுத்து வாயோரமாக ஊட்டினார். "வண்டில நல்லா கொண்டு வந்திருக்கீங்க. மிரண்டு போயிருந்தா இங்க வந்து சேர்ந்தே இருக்காது. ஆனா புழுக்கை போட்டாத்தான் நான் எதுவும் சொல்ல முடியும்" என்றார். அதிலிருந்து காத்திருக்கிறோம். மத்தியானம் ஆகிவிட்டது. பேத்தி என் தொடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். தூங்குவதற்கு முன், "உன் மொசலு பேரு இன்னா?" என்று கேட்டாள். சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

பெரியப்பாவிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை. வெயில் அவரையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டும். அண்ணன் மெசேஜ் அனுப்பினான்: "அப்பா ஷேர் ஆட்டோ கெடைக்காம கோயில் ஸ்டாப்புலயே நிக்கிறாராம். மொசலு இருக்கா போச்சான்னு மட்டும் சொல்லச் சொல்றாரு. ஒரு வார்த்த சொல்லேன்டி."

இப்போதுதான் டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். பிஸ்கட் புழுக்கை போட்டுவிட்டது. பெரியப்பாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.